கதைகள் தாண்டிப் போகும் ஒரு வாரம்

டேனி பாயிலின் 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' (1996) பார்த்தவர்களுக்கு அந்த அறை மறந்திருக்காது. ஹெராயின் அளவு மீறி, மருத்துவமனையில் உயிர் பிழைத்த ரெண்டனை அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குக் கூட்டிவந்து, அவனுடைய பழைய படுக்கையறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். அவன் கெஞ்சுகிறான், கத்துகிறான். இறந்துபோன குழந்தை ஒன்று கூரையில் தவழ்ந்து வருகிறது. டீவியில் அவனை வைத்தே வினாடி வினா நடக்கிறது. எல்லாம் சில நிமிடங்கள்தான். அப்புறம் அவன் வெளுத்த முகத்தோடு வெளியே வருகிறான், கதை நகர்ந்துவிடுகிறது.

நல்ல காட்சிதான். ஆனால் இது ஒரு காட்சி மட்டுமல்ல, வாய்ப்பாடு. போதையை நிறுத்துவது என்றால் சினிமாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பூட்டிய அறை, வியர்வை, அலறல், சுவரில் ஊரும் ஏதோ ஒன்று, பிறகு ஒரு விடியல். குடியையும் போதையையும் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை விழுவதைச் சொல்கின்றன, எழுவதைச் சொல்கின்றன. நடுவில் மருத்துவமனைக் கட்டிலில் கழியும் ஒரு வாரத்தை, சில நேரம் பத்து நாட்களை, தாண்டிப் போய்விடுகின்றன. அந்த வாரத்தில் ஒருவருக்கு என்ன நடக்கிறது, அதைக் கதை ஏன் தாண்டுகிறது, அப்படித் தாண்டுவதால் என்ன இழப்பு என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அந்தக் காட்சியையே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஹெராயினை நிறுத்தினால் உடம்பு படும் பாடு கொடுமையானது. கை கால் முறிவது போன்ற வலி, வாந்தி, பேதி, மயிர்க்கூச்சு, விரிந்த கண்மணி, தூக்கமே இல்லாத இரவுகள். ஆனால் வழக்கமாக அறிவு தெளிவாகவே இருக்கும். தான் யார், எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். அந்தத் தெளிவுதான் அதன் கொடுமையே. கூரையில் குழந்தை தவழ்வது, யாரோ நிற்பதாகத் தெரிவது, நாள் கிழமை மறந்துபோவது ஆகியவை மதுவை நிறுத்தும்போது வருபவை. பாயில் ஒன்றின் அறைக்குள் இன்னொன்றின் பேய்களைக் கொண்டுவந்து விட்டார்.

'சினிமாதானே, என்ன இப்போ?' என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. ஹெராயின் நிறுத்தத்தில், நீரிழப்பைக் கவனித்துக்கொண்டால், ஆள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அங்கே பெரிய ஆபத்து பிறகு வருகிறது. உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும்போது பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மது அப்படியல்ல. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், அந்த நிறுத்தமே கொல்லக்கூடும். பூட்டிய அறை என்ற ஒரே படிமத்தை இரண்டுக்கும் போட்டுவிட்டால், பார்க்கிறவர் மனதில் ஒரே பாடம்தான் பதியும்: பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் போதும்.

அதே படத்தின் தொடக்கத்தில் ரெண்டன் தானாகவே ஒருமுறை நிறுத்தப் பார்க்கிறான். அறைக் கதவைப் பலகை வைத்து அடிக்கிறான். சூப் டப்பாக்கள், வாளிகள் என்று ஒரு பட்டியல் போடுகிறான். அதில் அம்மாவிடமிருந்து எடுத்த வேலியம் புட்டியும் உண்டு. வேலியம் என்பது டயஸிபாம். மது நிறுத்தத்துக்கு மருத்துவமனைகளில் இன்றும் கொடுக்கப்படும் முக்கியமான மருந்துகளில் ஒன்று. அம்மாவின் அலமாரியில் ஒரு மருத்துவமனை வார்டே இருந்திருக்கிறது. படம் அதை நகைச்சுவையாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது.

*

அந்த வார்டில் என்னதான் நடக்கிறது?

மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். தினமும் அது வந்துகொண்டே இருந்தால், மூளை தன்னைச் சமன்படுத்திக்கொள்ள எதிர்ப்பக்கமாகக் கயிறு இழுக்கத் தொடங்கும். அடக்கும் வேலையைச் செய்யும் 'காபா' தளரும், தூண்டும் வேலையைச் செய்யும் 'குளூட்டமேட்' முறுக்கேறும். ஒருநாள் மது நின்றுவிட்டால் ஒரு பக்கம் ஆளே இல்லை. மறுபக்கம் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. கடைசி மடக்கு இறங்கி ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். 'காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்' என்று சொல்கிறவர்கள் சொல்வது இதைத்தான். ஆசைக்குக் குடிப்பதெல்லாம் அவர்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு முழுக் குழப்பம், காய்ச்சல், மாயத்தோற்றம் வரும். 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு 'டெலீரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயர் வைத்தார். கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடிக்கும்.

இந்த நோய் மதுவால் வருகிறதா, மது நிற்பதால் வருகிறதா என்று மருத்துவர்களே நெடுங்காலம் சண்டை போட்டார்கள். சோறு தண்ணி இல்லாததால் வருகிறது என்றார்கள் சிலர். 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல்லும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொன்னது. முன்பு மார்பினுக்கு அடிமையாக இருந்த 10 பேருக்கு நல்ல சாப்பாடும் விட்டமினும் கொடுத்து, கூடவே 7 நாளிலிருந்து 87 நாள் வரை மதுவையும் கொடுத்து, திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். அதிக நாள் குடித்தவர்களிடம் வலிப்பும் மனக்குழப்பமும் வந்தன. சாப்பாடு சரியாக இருந்தும் வந்தன. அறிவியலுக்கு விடை கிடைத்தது. அதற்கு விலையாக வைக்கப்பட்டவை அந்தப் பத்து உடல்கள். இதைப் பற்றியே ஒரு நாவல் எழுதலாம்.

மருத்துவமனை செய்வது எளிமையானது, சலிப்பூட்டுவதும்கூட. காணாமல் போன மதுவின் இடத்தில் டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். முதல் நாள் அதிக டோஸ், பிறகு நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்துவது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி. அது இல்லாவிட்டால் மூளையில் நிரந்தரச் சேதம் வந்து, ஆளுக்குப் புதிய நினைவுகளே தங்காமல் போகலாம். இதற்கு நடுவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பத்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார். கையை நீட்டச் சொல்வார். "தோல் மேல ஏதாவது ஊர்ற மாதிரி இருக்கா? வெளிச்சம் கண்ணைக் கூசுதா? இல்லாத சத்தம் ஏதாவது கேக்குதா? இன்னிக்கு என்ன தேதிண்ணே?" கூட்டிப் பார்த்து, அதற்கேற்ற மாத்திரை.

இந்த மதிப்பெண் தாள் ஒரு அற்புதமான பிரதி என்று எனக்குத் தோன்றுகிறது. சினிமா பூச்சியைக் காட்டுகிறது. நர்ஸ் பூச்சியைப் பற்றி விசாரிக்கிறார், 'சாப்டீங்களா' என்று கேட்பது மாதிரி. பார்ப்பவரை மிரட்டும் அந்த மாயத்தோற்றம் இங்கே ஏழுக்கு எத்தனை என்ற ஒரு எண். பயத்தைப் பாதியாக்குவது அந்தச் சாதாரணத் தொனிதான். அந்தத் தொனியை எந்தப் படத்திலாவது கேட்டிருக்கிறோமா?

*

குடியைப் பற்றிய அமெரிக்கக் கதைகளில் முன்னோடி என்று 'த லாஸ்ட் வீக்எண்ட்' நாவலைச் சொல்வார்கள். சார்லஸ் ஜாக்சன் எழுதி 1944இல் வந்தது. அடுத்த ஆண்டே பில்லி வைல்டர் படமாக எடுத்து, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. குடிகாரனைக் கோமாளியாக மட்டுமே காட்டிக்கொண்டிருந்த ஹாலிவுட்டில் அது பெரிய திருப்பம். மாடிப்படியில் உருண்டு விழும் டான் பர்னம் ஆஸ்பத்திரியின் குடிநோயாளர் வார்டில் கண் விழிக்கிறான். பிம் என்ற ஆண் நர்ஸ் ஒரு கேலிச் சிரிப்போடு, இரவு ஆனதும் என்னவெல்லாம் வரும் என்று விவரிக்கிறான். இரவும் வருகிறது. பக்கத்துக் கட்டில்காரர் அலறுகிறார். அந்தக் களேபரத்தில் டான் தப்பி ஓடுகிறான். வீட்டில் தனியாக இருக்கும்போது சுவர் வெடிப்பில் ஒரு எலி, அதன் மேல் பாயும் வவ்வால், வழியும் ரத்தம். பின்னணியில் மிக்லோஷ் ரோஜாவின் தெரமின் இசை.

வார்டை முதன்முதலில் இவ்வளவு நேராகக் காட்டிய படம் அந்த வார்டை நரகமாகத்தான் காட்டியது. தப்பிக்க வேண்டிய இடமாக. படத்தின் கணக்கில் டானைக் காப்பாற்றுவது வார்டு அல்ல. மறுநாள் காலையில் காதலியின் வார்த்தைகள், விஸ்கி கிளாசுக்குள் அவன் போட்டுவிடும் ஒரு சிகரெட், முன்னால் காத்திருக்கும் டைப்ரைட்டர். முந்தின இரவு வவ்வால் பார்த்தவன் மறுநாள் நாவல் எழுத உட்காருகிறான்! அவன் கை நடுங்கவே இல்லையா?

ஜாக்சனின் நாவல் இந்த ஏமாற்று வேலையைச் செய்யவில்லை. கடைசியில் டான் இன்னொரு மடக்கு குடித்துவிட்டு, எதற்காக இவ்வளவு கலவரம் என்கிற மனநிலையில் படுக்கிறான். சுபமும் இல்லை, பாடமும் இல்லை. ஆனால் நாவலும் அந்த ஏழு நாட்களைத் தரவில்லை. அவன் நிறுத்துவதே இல்லையே. ஆக, ஒன்று நிறுத்தாமல் முடிகிறது, இன்னொன்று ஒரே காலையில் நிறுத்திவிடுகிறது. நடுவில் இருக்கும் கட்டில் இரண்டிலும் காலி.

கட்டில் காலியாவதற்கு வாழ்க்கையிலிருந்தே ஒரு உதாரணம் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கிய பில் வில்சனின் கதையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி, அறை முழுக்கப் பரவிய அந்த வெள்ளை ஒளி. 1934 டிசம்பர். அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. அடுத்த ஆண்டு இயக்கம் பிறந்தது. ஆனால் ஒளி வந்த அறை எது? நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனை. டாக்டர் வில்லியம் சில்க்வொர்த்தின் பராமரிப்பில், நச்சு நீக்க சிகிச்சையில் இருந்தார் வில்சன். அங்கே அன்று கொடுக்கப்பட்ட மருந்துகளில் பெலடோனாவும் உண்டு. அதுவே மனத்தோற்றங்களை உண்டாக்கக்கூடிய செடி. ஒளி மருந்தால் வந்ததா, மேலிருந்து வந்ததா என்ற வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. எனக்குச் சுவாரசியமாக இருப்பது வேறு. வாய்வழியாகப் பரவும்போது கதை ஒளியை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியை உதறிவிட்டது. இத்தனைக்கும் இயக்கத்தின் 1939ஆம் ஆண்டுப் புத்தகத்தில் சில்க்வொர்த்தின் கருத்து முன்னாலேயே இருக்கிறது. கதைக்கு மட்டும் டாக்டர் தேவைப்படவில்லை.

*

உள்ளே படுத்திருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ழான் காக்தோ 1928 டிசம்பரில் ஓபியத்தை விடுவதற்காக பாரிஸுக்கு அருகே ஸேன்-க்ளூவில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தார். சில மாதங்கள் இருந்தார். அங்கே எழுதிய குறிப்புகளும் வரைந்த படங்களும் 1930இல் 'ஓபியம்' என்ற புத்தகமாயின. அதன் துணைத்தலைப்பே நச்சு நீக்க நாட்குறிப்பு என்பதுதான். கதை என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. திடீரென்று புரூஸ்டைப் பற்றி ஒரு பத்தி, சினிமாவைப் பற்றி இரண்டு வரி, உடம்பு முழுக்கக் குழாய்களால் ஆன ஒரு மனிதனின் படம், தூக்கத்தைப் பற்றிய புலம்பல், டாக்டர்களோடு வாக்குவாதம். முதன்முறை படிக்கும்போது ஒழுங்கே இல்லாத புத்தகம் போலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கட்டிலில் நேரம் அப்படித்தான் கழியும். உடம்பு ஒரு சிந்தனையை முடிக்க விடாது. துண்டு துண்டான அந்த வடிவம் சோம்பலில் வந்ததல்ல, ஓபியம் இல்லாத நேரத்தின் வடிவம் அது. இன்னொன்றும் உண்டு. காக்தோ அங்கே திருந்திய மனிதராக வேஷம் போடவில்லை. ஓபியத்தை இழந்த துக்கத்தை மறைக்கவில்லை. பிற்பாடு திரும்பவும் ஓபியத்துக்குப் போனார்.

மிகயீல் புல்ககோவ் டாக்டர். 1917இல் கிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தபோது மார்பினுக்கு அடிமையாகி, மனைவி தத்யானாவின் துணையோடு மீண்டவர். பத்து ஆண்டு கழித்து, 1927இல், 'மார்பின்' என்ற கதையை வெளியிட்டார், அதுவும் ஒரு மருத்துவப் பத்திரிகையில். கதையில் வரும் டாக்டர் பொல்யாகோவ் மாஸ்கோவில் ஒரு கிளினிக்கில் சேர்கிறான். வெளியே புரட்சி, துப்பாக்கிச் சத்தம். சிகிச்சை முடியும் முன்னால் வெளியேறுகிறான், வெறுங்கையோடு அல்ல, கிளினிக்கின் மார்பினைத் திருடிக்கொண்டு. கடைசியில் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அவன் எழுதிய டைரி நண்பன் கைக்கு வருகிறது. தன்னைத்தானே நோயாளியாக வைத்து வைத்தியம் பார்க்கும் டாக்டரின் குரலில் உள்ள அந்தத் துல்லியம் இன்றைக்கும் நடுங்க வைக்கிறது. எழுதியவர் பிழைத்தார், எழுதப்பட்டவன் பிழைக்கவில்லை. பிழைத்த கதையில் தத்யானா இருந்தார். அந்தக் கதையை அவர் எழுதவே இல்லை.

இந்த இரண்டு பிரதிகளும் ஒரு கசப்பான உண்மையைச் சொல்கின்றன. நச்சு நீக்கம் குணமாக்குதல் அல்ல. அது வாசல் மட்டும்தான். ஏழாம் நாள் கை நிற்கும், தூக்கம் வரும், ஆனால் குடிக்க வைத்த வாழ்க்கை அப்படியே வெளியே காத்திருக்கும். கதாசிரியர்கள் அந்த வாரத்தைத் தாண்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதில் வெற்றி இல்லை. நாயகன் எதையும் செய்வதில்லை. அவனுக்குச் செய்யப்படுகிறது. அவனுடைய மன உறுதியை யாரும் கேட்பதில்லை, நாடித்துடிப்பைத்தான் கேட்கிறார்கள்.

*

நம் பக்கம் வருவோம். நமக்குக் குடிகாரன் என்றால் தேவதாஸ். 1917இல் சரத் சந்திரர் எழுதியவன், 1953இல் நாகேஸ்வர ராவாகத் தமிழ் பேசியவன். காதலியின் வாசலில் வந்து சாகும் அவனை எந்த வார்டிலும் நம்மால் கற்பனை செய்ய முடியாது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் தேவதாஸ் காவியமாக மாட்டான். தேவதாஸுக்கு மறுபக்கமாக இன்னொரு கதையும் நம்மிடம் உண்டு, வைராக்கியக் கதை. 'பொண்ணு பொறந்த அன்னிக்கு விட்டவன்தான், இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்ல.' கோயிலில் கயிறு கட்டியவர், மாலை போட்டதும் நிறுத்தியவர், அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர். இவற்றைக் கேலி செய்ய மாட்டேன். பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் கயிறு கட்டிய மூன்றாம் நாள் வலிப்பு வந்தவரின் கதையை யாரும் திண்ணையில் சொல்வதில்லை. அவர் வைராக்கியம் இல்லாதவர், அல்லது சாமி குத்தம். பிழைத்தவர்கள் மட்டும் சொல்லும் கதையில் மது நிறுத்தம் எப்போதும் பாதுகாப்பாகத்தான் இருக்கும்.

தினகரன் சிவலிங்கத்தின் 'பாட்டல் ராதா' (2025) இந்த இடத்தில் முக்கியமான படம். கட்டட வேலை செய்யும் ராதாமணியை மனைவி அஞ்சலம் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறாள். மையத்தை நடத்தும் அசோகன் தானே குடியிலிருந்து மீண்டவர். ராதா தப்பிக்கிறான், திரும்பக் குடிக்கிறான். மறுபடி விழுவதையும் கதையின் பகுதியாக ஏற்றுக்கொண்டது, குடிகாரனின் மனைவிக்குத் தனி வாழ்க்கை இருப்பதைப் பார்த்தது, இரண்டும் தமிழில் பெரிய விஷயங்கள். குரு சோமசுந்தரத்தின் உடலில் ஒரு தொழிலாளியின் குடி தெரிகிறது, நடிகரின் குடி அல்ல. ஆனால் அந்த மையம் ஆஸ்பத்திரியை விட ஜெயிலுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. படத்தின் எடை விழுவது கண்டிப்பின் மீதும், மனம் திரும்புதல் மீதும். முதல் வாரத்து உடம்பின் மீது அல்ல. நிஜத்திலும் பல மையங்கள் அப்படித்தானே என்று கேட்டால், ஆமாம். அதற்காகத்தான் கேட்கிறேன். ஜெயிலைக் காட்டும்போது, இது ஆஸ்பத்திரியாக இருந்திருக்க வேண்டிய இடம் என்ற உறுத்தல் பார்ப்பவருக்குள் எழ வேண்டாமா? வேறு மாதிரி இடங்கள் நம் ஊரில் இல்லாமலும் இல்லை. குடிநோயில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரிலான சிகிச்சை மையத்தைத் தொடங்கியது 1980இல். இத்தனை வருடங்களில் அப்படி ஒரு வார்டின் இரவு நம் கதைகளுக்குள் வந்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் ஒரே இரவில் டாஸ்மாக் கடைகள் மூடின. மாநிலம் முழுக்க, மருத்துவர் மேற்பார்வை இல்லாத மிகப் பெரிய மது நிறுத்தம் நடந்தது. வார்னிஷும் ஷேவிங் லோஷனும் குடித்துச் செத்தவர்கள் செய்தியானார்கள். கேரளத்தில் தற்கொலைகள் நடந்தன. அங்கே அரசு, மருத்துவச் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று மார்ச் 30 அன்று ஆணை போட்டது. இதற்கு மருந்து மது அல்ல என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பெருந்தொற்றைப் பற்றி நாம் எத்தனையோ கவிதையும் கதையும் எழுதினோம். கை நடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த மனிதர்களைப் பற்றி வந்தவை பெரும்பாலும் மீம்கள். மே மாதம் கடை திறந்ததும் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தோம். அந்த வரிசையில் சிலர் வலிப்புக்குப் பயந்தும் நின்றிருக்கலாம் என்று யோசிக்க நமக்கு ஒரு கதை இருக்கவில்லை.

*

'இலக்கியம் என்ன சுகாதாரத்துறை கையேடா?' நியாயமான கேள்வி. கையேடு எழுதச் சொல்லவில்லை. என் புகார் அழகியல் சார்ந்தது. கூரையில் தவழும் குழந்தை எளிதான காட்சி. இரவு மூன்று மணிக்கு நீட்டிய கையை, விரல் நுனிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது கடினமான காட்சி. நாம் எளிதானதையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

கடினமானதை எழுத நாயகனை மாற்ற வேண்டியிருக்கும். படுத்திருப்பவருக்கு அந்த நாட்கள் பாதி நினைவில் இருக்காது. முழுக்க விழித்திருப்பவர்கள் வேறு ஆட்கள்: இரவுப் பணி நர்ஸ், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருக்கும் மனைவி, 'எப்பண்ணே விடுவாங்க' என்று எல்லோரையும் கேட்கும் பக்கத்துக் கட்டில்காரர். அந்த மனைவிக்கு ஆறாம் நாள் புருஷன் தேதியைச் சரியாகச் சொல்வது ஒரு செய்தி. டீ டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பது இன்னொரு செய்தி. அதே நேரத்தில் டிஸ்சார்ஜ் ஆனதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு சிறுகதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம்மைச் சுற்றி யாரோ ஒருவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்: 'நாளையிலேர்ந்து சுத்தமா நிறுத்திடப் போறேன்.' நமக்குத் தெரிந்த எல்லாக் கதைகளும் அவர் தோளைத் தட்டி 'சூப்பர்ணே, விட்றாதீங்க' என்று சொல்லத்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. 'டாக்டரைப் பாத்துட்டு நிறுத்துங்கண்ணே, நானும் கூட வரேன்' என்று ஒரு பாத்திரம் சொல்லும் கதையைப் படிக்கக் காத்திருக்கிறேன்.